உரியவரைக் கேட்டுப் பாடுவோம்

இசைக்கு இளகாத நெஞ்சமும் உண்டோ? தொட்டிலில் தாலாட்டு, பள்ளியில் இறைவணக்கம், ஆலயத்தில் திருப்பலிப் பாடல், வயலில் நடவுப் பாட்டு, மணவீட்டில் வாழ்த்துப் பாட்டு என்று மனித வாழ்வு முழுவதும் பாட்டோடு பின்னிக் கிடக்கிறது. இன்றோ கைப்பேசியைத் தொட்டால் போதும். உலகத்து இசையெல்லாம் நம் காதருகே வந்து நிற்கிறது. ஆனால் நாம் மனமுருகிப் பாடும் பாடலை எழுதியவர் யார், அதற்கு மெட்டமைத்தவர் யார், அதை எடுத்தாளுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? உள்ளதைச் சொன்னால், சென்ற ஆண்டு வரை நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ண வைத்தது எங்கள் பள்ளிப் பாடகர் குழுவுக்கு நேர்ந்த ஓர் அனுபவம். அதை முதலில் கூறிவிட்டு எங்கள் கருத்துக்கு வருகிறோம்.

சிஸ்டர் கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி எட்டுப் பாடல்களைப் பாடிப் பதிவு செய்வது, 200 பென்டிரைவ்களில் ஏற்றிப் பெற்றோருக்கு விற்பது, வரும் பணத்தை விடுதியில் தங்கிப் படிக்கும் ஏழை மாணவியருக்கு அளிப்பது என்று முடிவு செய்தோம். நல்ல காரியந்தானே! ஆனால் பாடகர் குழுவைப் பயிற்றுவிக்கும் சிஸ்டர் எங்கள் பட்டியலைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "இந்தப் பாட்டெல்லாம் யாருடையது? அவங்ககிட்ட கேட்டாச்சா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். "சாமி பாட்டுக்கு யாரைக் கேட்கணும் சிஸ்டர்?" என்றோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. களவைத் தடுக்கும் ஏழாம் கட்டளை பாட்டுக்கும் உண்டு என்று கூறி, "கேட்டுட்டு வாங்க, பிறகு பாடலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று தொடங்கியது எங்கள் தேடல். பட்டியலின் முதல் பாடல் உலகமே பாடும் 'சைலண்ட் நைட்'. 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஆஸ்திரியாவின் ஓபெர்ண்டார்ஃப் என்ற சிற்றூர் ஆலயத்தில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. எழுதியவர் யோசேப் மோர் என்ற இளம் குரு. மெட்டமைத்தவர் ஃபிரான்ஸ் கிரூபர் என்ற பள்ளி ஆசிரியர். மோர் 1848-லும் கிரூபர் 1863-லும் மறைந்தனர். இந்தியச் சட்டப்படி ஒருவரது படைப்பின் மீதான பதிப்புரிமை அவர் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரையே நீடிக்கும். ஆகவே இப்பாடல் இன்று எல்லோருக்கும் பொது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். ஆனால் நாங்கள் பாடவிருந்தது தமிழில் அன்றோ! தமிழாக்கம் செய்தவருக்கு அத்தமிழ்ச் சொற்களின் மீது தனி உரிமை உண்டு என்று பிறகுதான் அறிந்தோம். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். பாடலின் எண் இருந்தது; ஆக்கியோன் பெயர் இல்லை.

மற்றொரு பாடல், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆலயங்களில் எல்லாம் பாடப்படும் மாதா பாடல். அதற்கும் புத்தகத்தில் பெயர் இல்லை. ஆனால் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி, "அது நம்ம உபதேசியார் கட்டின பாட்டும்மா. இன்னும் இருக்காரே!" என்றார்கள். ஒரு சனிக்கிழமை சிஸ்டருடன் அவர் வீட்டிற்குச் சென்றோம். எண்பது வயதைக் கடந்தவர். ஓட்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். வந்த காரணத்தைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாப்பது வருஷமாப் பாடுறாங்க தாயி. கேக்கணும்னு வந்தது நீங்கதான்" என்றார்.

அவர் பணம் எதுவும் வேண்டாம் என்றார். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஒன்று, தம் பெயரைப் போட வேண்டும். மற்றொன்று, மூன்றாவது சரணத்தையும் பாட வேண்டும். நேரமில்லை என்று எல்லோரும் இரண்டு சரணத்தோடு நிறுத்திவிடுகிறார்களாம். இறந்துபோன தம் தாயாரை நினைத்து எழுதியது அந்த மூன்றாவது சரணம்தானாம். எங்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு சரணம் இருப்பதே தெரியாது. அவர் பாடிக் காட்ட, நாங்கள் எழுதிக்கொண்டோம்.

மகிழ்ச்சியோடு திரும்பும்போது அவர் இன்னொன்றையும் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் கேசட் போடுவதற்காக ஒருவர் வந்து, சிறு தொகை கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிச் சென்றாராம். தாளில் இருந்தது ஆங்கிலம். என்ன எழுதியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அதன் நகலும் அவரிடம் இல்லை. அப்படியானால் பாடல் இன்று யாருடையது? எங்களுக்கு அனுமதி தரும் உரிமை அவரிடம் இருக்கிறதா, இல்லையா? கேசட் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரை ஒருவாறு கண்டறிந்து இரண்டு கடிதங்களும் மூன்று மின்னஞ்சல்களும் அனுப்பினோம். விடை வரவில்லை. இரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. வேறு வழியின்றி அந்தப் பாடலைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டோம். பாட்டைப் படைத்தவர் வாயார வாழ்த்தி அனுமதி தந்தும் எங்களால் அதை வெளியிட முடியவில்லை. இது யார் குற்றம்? பாடலையும், அதைப் படைத்தவரையும், பயன்படுத்த விரும்புவோரையும் இணைக்கும் எளிய வழி ஒன்று இல்லாததன் குற்றம் என்பதே எங்கள் துணிபு.

சட்டம் சொல்வது என்ன?

இந்த அனுபவத்திற்குப் பின் நூலகத்திலும் இணையத்திலும் தேடி, வழக்கறிஞராக உள்ள தோழி ஒருத்தியின் தாயாரிடமும் கேட்டுச் சில செய்திகளை அறிந்தோம்.

ஒரு பாடல் என்பது ஒரே பொருள் அன்று. சொற்கள் ஒருவருடையவை, மெட்டு ஒருவருடையது, ஒலிப்பதிவு வேறொருவருடையது, பாடியவருக்கும் தனி உரிமை உண்டு. ஒரு வீட்டில் நான்கு பங்காளிகள் குடியிருப்பது போல ஒரே பாடலுக்குள் நான்கு உரிமைகள் குடியிருக்கின்றன. கேட்பவர் எந்தக் கதவைத் தட்டுவது?

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2012-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதில் நம்மைப் போன்றோருக்குச் சில சலுகைகள் உண்டு. உண்மையான சமயச் சடங்கில் பாடுவதற்கு உரிமம் வேண்டியதில்லை. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். பள்ளி நிகழ்ச்சியில் ஆசிரியரும் மாணவரும் ஒரு பாடலைப் பாடி நிகழ்த்துவதற்கும் உரிமம் தேவையில்லை. அங்கு ஒலிப்பதிவை இசைப்பதாயின், கேட்போர் மாணவர், ஆசிரியர், பெற்றோர், பாதுகாவலர், பள்ளியோடு தொடர்புடையோர் என்ற அளவில் இருத்தல் வேண்டும். ஆகவே ஆண்டு விழா மேடையில் நாம் அஞ்சாமல் பாடலாம். ஆனால் அதே பாட்டைப் பதிவு செய்து விற்பதும் யூடியூபில் ஏற்றுவதும் வேறு. மேடைக்குக் கிடைத்த சலுகை அங்கு துணைக்கு வராது.

பதிவு செய்து விற்க அச்சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு பாடல் முதலில் ஒலிப்பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின், முன்னறிவிப்புக் கொடுத்து, உரிய தொகையைச் செலுத்தி, எவரும் அதை மீண்டும் பாடிப் பதிவு செய்யலாம். கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஆனால் ஆண்டுதோறும் குறைந்தது 50,000 படிகளுக்கான தொகையைச் செலுத்த வேண்டும் என்பது பொது விதி. எங்களுக்கு வேண்டியதோ 200 படிகள்! ஒரு குடம் நீர் கேட்டவரிடம் ஏரி முழுவதற்கும் விலை கேட்பது போலன்றோ இது? இந்த வழி பெரிய நிறுவனங்களுக்காக வெட்டப்பட்டது. சிறியவர்களுக்கு எஞ்சியிருப்பது உரியவரிடம் நேரில் பேசி இசைவு பெறும் வழி ஒன்றே.

படைத்தவர் பக்கமும் சட்டம் இருக்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் தமக்குரிய சமபங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று 2012-இன் திருத்தம் கூறுகிறது. படைப்பை விற்றுவிட்டாலும், அது தம்முடையது என்று உரிமை கொண்டாடும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது. உபதேசியார் தாத்தா தம் பெயரைப் போடச் சொன்னது நம்மிடம் கேட்ட தயவு அன்று. அது அவருடைய உரிமை! ஆனால் அந்த உரிமை தமக்கு உண்டென்று அவருக்கு யார் சொன்னார்கள்?

பிறர் கண்ட வழிகள்

பாட்டின் உரிமை யாருடையது என்ற வழக்கு புதியதன்று. 1847-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து உணவகம் ஒன்றில் எர்னெஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் அமர்ந்திருந்தார். அங்கே அவரது பாடல்களை இசைத்துக்கொண்டிருந்தனர். "என் பாட்டுக்கு நீங்கள் பணம் தரவில்லை, உங்கள் பானத்துக்கு நானும் தரமாட்டேன்" என்ற கருத்துப்பட அவர் மறுத்துவிட்டாராம். வழக்கில் அவர் பக்கம் வென்றது. அதன் விளைவாக 1851-இல் பிரான்சில் சாசெம் என்ற சங்கம் தோன்றியது. இந்தியாவில் ஐ.பி.ஆர்.எஸ். எனப்படும் சங்கம் 1969-இல் தொடங்கப்பட்டது.

நம் தமிழகத்திலும் ஒரு சிறந்த சான்று உண்டு. மகாகவி பாரதியார் 1921-இல் மறைந்தார். அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை தனியாரிடம் இருந்தது. அதுபற்றி வழக்கும் எழுந்தது. 'பாரதி எல்லோருக்கும் சொந்தம்' என்ற குரல் நாடெங்கும் ஒலித்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. இன்று நாம் பாரதியைத் தடையின்றிப் பாடுகிறோம் என்றால் அதற்குக் காரணம், உரிமை யாரிடம் இருந்தது என்பது தெளிவாகத் தெரிந்திருந்ததும், அவரோடு பேச ஓர் அரசு முன்வந்ததுமே ஆகும். ஆனால் ஊருக்கு ஊர் இருக்கும் உபதேசியார்களின் பாடலுக்காக அரசு வந்து பேசுமா?

உரிமையாளர் யாரென்று தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன நேரும் என்பதற்குப் பிறந்தநாள் தோறும் நாம் பாடும் 'ஹேப்பி பர்த்டே' பாட்டே சான்று. அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் ஹில், பாட்டி ஹில் என்ற சகோதரிகள் சிறு குழந்தைகளின் வகுப்புக்காக அமைத்த மெட்டு அது, 1893-இல் அச்சேறியது. ஓர் இசைப் பதிப்பு நிறுவனம் அப்பாட்டு தன்னுடையது என்று கூறி நெடுங்காலம் கட்டணம் வாங்கி வந்தது. ஆவணப்படம் எடுத்த பெண்மணி ஒருவர் 1,500 டாலர் செலுத்திவிட்டு, பிறகு நீதிமன்றம் சென்றார். அந்நிறுவனத்துக்குப் பாடல் வரிகளின் மீது உரிமை இல்லை என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. 2016-இல் 1 கோடியே 40 இலட்சம் டாலர் தருவதாக ஒப்பி வழக்கு முடிக்கப்பட்டது. திறந்த ஏடு ஒன்று இருந்திருந்தால் இத்தனை பேர் இத்தனை காலம் வீணாகப் பணம் கட்டியிருப்பார்களா?

உலகத்துப் பாடல்களின் உரிமையாளர்களை எல்லாம் ஒரே ஏட்டில் சேர்க்கும் முயற்சி ஒன்றும் நடந்தது. சங்கங்களும் பெரிய நிறுவனங்களும் கூடித் தொடங்கிய அம்முயற்சி, அவற்றிடையே ஒற்றுமை இன்மையால் 2014-இல் கைவிடப்பட்டது. ஆனால் அமெரிக்காவில் 2018-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, எவரும் தேடிப் பார்க்கக்கூடிய ஏடு ஒன்றை ஓர் அமைப்பு பேணத் தொடங்கியது. 2021 சனவரி முதல் அவ்வமைப்பு முழு அளவில் இயங்கத் தொடங்கியது. அதற்கும் முன்னரே அந்நாட்டில் ஹாரி ஃபாக்ஸ் என்ற முகமை, 2,500 படிகள் வரை பாடிப் பதிவு செய்ய விரும்பும் சிறியவர்கள் இணையத்திலேயே விவரம் எழுதி, பணம் செலுத்தி உரிமம் பெறும் வசதியைச் செய்தது. 50,000 எங்கே, 2,500 எங்கே! சிறியவர்களுக்கும் வாசல் வைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

எங்கள் மனத்தில் உள்ள கருவி

நம் நாட்டிலும் சங்கங்கள் இணையத்தில் உரிமம் வழங்குகின்றன. ஆனால் அங்கே நாங்கள் கண்டவை பெரும்பாலும் விடுதி, கடை, விழா அரங்கு என்று வகுத்த கட்டணப் பட்டியல்களே. நாங்கள் வேண்டுவது கேட்பவரும் கொடுப்பவரும் பேசிக்கொள்ளும் ஓர் இணையத் திண்ணை. அது எப்படி இருக்க வேண்டும்?

முதலாவதாக, அது நம் மொழியில் கேள்வி கேட்க வேண்டும். "எவ்வகை உரிமம் தேவை?" என்று எடுத்த எடுப்பிலே கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கட்டும். நீங்களே பாடுகிறீர்களா, ஒலிப்பதிவை இசைக்கிறீர்களா? எங்கே? எத்தனை பேர் கேட்பார்கள்? நுழைவுக் கட்டணம் உண்டா? எத்தனை படிகள்? இணையத்தில் ஏற்றுவீர்களா? சொற்களை மாற்றுகிறீர்களா? இந்த ஏழு கேள்விகளுக்கு விடை சொன்னால், எந்தெந்த உரிமம் வேண்டும் என்பதைக் கருவியே கண்டுகொள்ளட்டும்.

இரண்டாவதாக, உரிமம் தேவையில்லை என்றால் அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆண்டு விழாவில் பாடுவதற்கு அனுமதி கேட்டு வருபவரிடம், "உங்களுக்குச் சட்டமே அனுமதி தந்திருக்கிறது, சென்று பாடுங்கள்" என்று சொல்லாமல் பணம் வாங்கும் கருவி நல்ல கருவி அன்று.

மூன்றாவதாக, பாடலின் பங்காளிகள் அனைவரையும் ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும். சொல் யாருடையது, மெட்டு யாருடையது, பதிவு யாருடையது என்று தனித்தனியே தெரியட்டும். எங்கே பெயர் தெரியவில்லையோ, எங்கே இருவர் உரிமை கோருகிறார்களோ, அங்கே அதை மறைக்காமல் எழுதட்டும். ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட உலகக் குறியீடு ஒன்று வழங்கும் முறை ஏற்கெனவே உள்ளது. அத்தகைய குறியீடு கிராமத்து உபதேசியாரின் பாட்டுக்கும் கிடைக்க வேண்டும்.

நான்காவதாக, பேரம் பேச இடம் வேண்டும். கேட்பவர் ஒரு தொகை சொல்லலாம்; கொடுப்பவர் "போதாது" என்றோ, "உங்களுக்கு இலவசம்" என்றோ, "முடியாது" என்றோ சொல்லலாம். பேசியது அனைத்தும் இருவர் கண்ணுக்கும் ஒரே தாளில் தெரிய வேண்டும். அதில் நிபந்தனை எழுத ஓர் இடம் கட்டாயம் வேண்டும். மூன்றாவது சரணத்தைப் பாடு என்று கேட்பதற்கு எந்தக் கட்டணப் பட்டியலில் இடம் இருக்கிறது? படைத்தவருக்குப் பணத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கலாம் என்பதை அந்தக் கருவி மறந்துவிடலாகாது.

ஐந்தாவதாக, இதுபோன்ற பயன்பாட்டுக்குப் பிறர் அண்மையில் என்ன கொடுத்தார்கள் என்பதைப் பெயரின்றிக் காட்ட வேண்டும். வாரச் சந்தையில் விலை தெரிந்தவர் ஏமாறுவதில்லை, தெரியாதவர்தாம் ஏமாறுகிறார். ஒரு பெரிய நிறுவனமும் ஒரு கிராமத்துப் புலவரும் பேரம் பேசும்போது, விலை அறிந்தவர் ஒருவர், அறியாதவர் ஒருவர் என்றால் அது பேரமா? நீதி ஆகுமா?

ஆறாவதாக, விடை தருவதற்குக் காலக்கெடு வேண்டும். 'மௌனம் சம்மதம்' என்பது நம் பழமொழி. ஆனால் இங்கே மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டால் படைத்தவருக்கு அநீதி. மறுப்பாகக் கொண்டு விட்டுவிட்டால் கேட்டவருக்கு அநீதி. ஆகவே, குறித்த நாளுக்குள் விடை வராவிட்டால், நடுநிலையான ஒருவரிடம் அக்கோரிக்கை செல்ல வேண்டும். எங்கள் ஐந்து கடிதங்களைப் போல அது கிணற்றில் போட்ட கல்லாகிவிடக் கூடாது.

ஏழாவதாக, முடிவில் கிடைக்கும் ஒப்பந்தம் ஒரே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பாடல், எதற்காக, எத்தனை படி, எந்த ஊர், எவ்வளவு காலம், என்ன தொகை, யார் பெயர் என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும் தாளில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா என்றும் கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குறிக்காமல் விட்டுவிட்டுப் பின்னர் வழக்காடுவதைவிட, குறித்துவிடுவது நன்றன்றோ? நகல் இருவரிடமும் இருக்க வேண்டும். நகல் இல்லாத கையெழுத்து எத்தனை துன்பம் தரும் என்பதை அந்தத் திண்ணையில் கண்டோம்.

இறுதியாக ஒன்று. உபதேசியார் தாத்தாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. கண் பார்வையும் மங்கிவிட்டது. அவருக்காக அக்கருவி பேசவும் தெரிந்திருக்க வேண்டும். "ஐயா, இன்னார் உங்கள் பாட்டைக் கேட்கிறார்கள், சம்மதமா?" என்று தமிழில் தொலைபேசியில் கேட்டு, அவர் சொல்வதைப் பதிந்துகொள்ள வேண்டும். இளையவர்களுக்கு எளிதாக இருப்பது மட்டும் எளிமை ஆகாது. முதியவருக்கும் எளிதாக இருப்பதே எளிமை.

மறுப்போருக்கு எங்கள் விடை

"இசை கடவுளின் கொடை, காற்றுக்கு விலை உண்டா?" என்று சிலர் கேட்பார்கள். கொடைதான். அரிசியும் கடவுளின் கொடையே. ஆயினும் உழவருக்குக் கூலி கொடாமல் நாம் உண்ணலாமா? ஆண்டவர் கூறிய திராட்சைத் தோட்ட உவமையில், கடைசியில் வந்தவனுக்கும் அன்று மாலையே கூலி கிடைத்ததே! மேலும், பணம் வேண்டாம் என்று சொல்லும் பெருமையையாவது படைத்தவருக்கு நாம் தர வேண்டாமா? கேளாமல் எடுத்துக்கொண்டால், கொடுத்தோம் என்ற மகிழ்ச்சியும் அவருக்கு இல்லை.

"யார் கேட்கப் போகிறார்கள்? எல்லோருந்தானே எடுக்கிறார்கள்" என்பார் சிலர். பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தால் கேளாமல் எடுப்பதில்லை என்பது எங்கள் அனுபவம். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமலே எடுக்கிறார்கள். கேட்கும் வழி எளிதானால் கேளாமல் எடுப்போர் தாமே குறைவர்.

"பேரம் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே விலை வைத்தால் போதும்" என்பார் வேறு சிலர். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை ஒப்புகிறோம். அவசரத்தில் உள்ளவருக்கும் நாணிப் பேசுபவருக்கும் நிலைவிலை நன்மை செய்யும். அமெரிக்காவில் பாடிப் பதிவு செய்ய ஒரு படிக்கு 9.1 சென்ட் என்ற விலை 2006 முதல் 2022 வரை இருந்தது. ஆனால் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக அது மாறவே இல்லையே! அரிசி விலையும் வாடகையும் அப்படி நின்றனவா? ஆகவே நிலைவிலை ஒரு தொடக்கமாக இருக்கட்டும். பேசிக்கொள்ளும் கதவு அதன் அருகிலேயே திறந்திருக்கட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முடிவாக

ஆண்டு விழாவில் எங்கள் பாடகர் குழு அந்த மாதா பாடலைப் பாடியது. மேடைக்குச் சட்டத்தின் சலுகை உண்டு அல்லவா! தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் உபதேசியார் தாத்தாவை அழைத்து முன்வரிசையில் அமரச் செய்தார்கள். அறிவிப்பில் அவர் பெயர் கூறப்பட்டது. மூன்றாவது சரணத்தை நாங்கள் தொடங்கியபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். அமரச் சொல்லியும் அமரவில்லை. பாட்டு முடியும் வரை நின்றுகொண்டே கேட்டார். விற்பனைக்குச் சென்ற 200 பென்டிரைவ்களில் ஏழு பாடல்களே இருந்தன. எட்டாவது பாடலின் இடம் வெறுமையாகவே போயிற்று. பணம் குறையவில்லை, ஆனால் எங்கள் மனக்குறை தீரவில்லை.

இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருவிழாவை நவம்பர் 22-ஆம் நாள் கொண்டாடுகிறோம். இனி அந்நாளில் பாடினால் மட்டும் போதாது. நம் பாட்டுப் புத்தகத்தில் பெயரின்றி இருக்கும் பாடல்களுக்கு உரியவர் யார் என்று தேடி எழுதுவோம். அதை நாங்கள் இந்த ஆண்டே தொடங்கிவிட்டோம். இதுவரை பதினொரு பாடல்களுக்குப் பெயர் கண்டிருக்கிறோம். அவர்களுள் நால்வர் இன்றும் வாழ்கின்றனர்.

ஆனால் கருவி செய்யும் ஆற்றல் எங்களிடம் இல்லை. இம்மலரைப் படிக்கும் முன்னாள் மாணவியரான அக்காமார்களே! உங்களில் கணினிப் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், அரசுப் பணியில் உயர்ந்தோரும் இருக்கிறீர்கள். இப்பள்ளியின் சிற்றாலயத்தில் நீங்களும் அந்த மாதா பாடலை இரண்டு சரணத்தோடு நிறுத்திப் பாடியவர்கள்தாமே! நாங்கள் மேலே கூறிய இணையத் திண்ணையை நீங்கள் கட்டித் தாருங்கள். பெரியதாக வேண்டாம், ஒரு மறைமாவட்டத்துப் பாடல்களோடு தொடங்குங்கள். எண்பது வயதைக் கடந்த ஒருவர் அதற்காகத் திண்ணையில் காத்திருக்கிறார்.

கேட்டுப் பாடுவோம், கேட்பதற்கு வழி செய்வோம்!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர் சார்பில், பாடகர் குழு உறுப்பினர் ஒருவர்